புதுப்பிப்பு: டேப் ஒட்டிய காரோடு லே போய் வந்தாயிற்று

மணாலி வழியாக லடாக்கிலுள்ள லே போகிறோம், ஜல்லி தெறித்து பெயின்ட் போகாமலிருக்க என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் பிபிஎஃப் (பெயின்டைக் காக்க ஒட்டும் கண்ணாடி போன்ற ஃபிலிம்) ஒட்டச் சொன்னீர்கள். ஒரே பயணத்துக்கு அவ்வளவு செலவழிக்க மனம் வரவில்லை. பெயின்டர்கள் பயன்படுத்தும் நீல மாஸ்கிங் டேப்பே போதும் என்று முடிவு செய்தேன்.

காரைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, பம்பரிலும் பானெட்டின் முன்பகுதியிலும் ஒட்டினேன். பானெட்டில் பின்னாலிருந்து தொடங்கி முன்னே வர வேண்டும். ஓடு வேய்வது போல முன்பட்டை பின்பட்டையின் மேல் ஏறி நிற்கும்; எதிர்காற்று விளிம்பைக் கிளப்பாது. விளக்கு, சென்சார், கிரில் பக்கம் போகவில்லை.

அடல் சுரங்கம் வரை ஒன்றுமில்லை. வழியிலுள்ள சர்ச்சு என்ற இடத்தைத் தாண்டிய பிறகுதான் முன்னே போன லாரிகள் வேலையைக் காட்டின. பம்பர் டேப் முழுக்கப் பொத்தல். அடியில் பெயின்ட் அப்படியே இருக்கிறது. பெரிய கல் ஒன்று மட்டும் டேப்பையும் மீறி பானெட் விளிம்பில் புள்ளி வைத்துவிட்டது. முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடிப்பகுதியில் நிறைய சிராய்ப்பு. அங்கே கல்லடிப்பது நம் டயர்தான், அதற்குச் சக்கரத்தின் பின்னால் தொங்கும் மட்ஃபிளாப் வேண்டும்.

எடுப்பதுதான் பொறுமையான வேலை. வெயிலில் பசை இறுகிவிடுகிறது. ஹேர் டிரையரால் இதமாகச் சூடாக்கி, டேப்பைப் பின்னோக்கி மடித்து மெதுவாக உரித்தேன். மிச்சப் பசைக்குத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், அப்புறம் ஷாம்பு. இந்த டேப்புகள் பலவற்றில் 14 நாளுக்குள் எடுக்கச் சொல்லித்தான் போட்டிருக்கும்.

புதிதாக டிங்கரிங், பெயின்டிங் செய்த காரில் இப்படி டேப் ஒட்டலாமா என்று கேட்ட நண்பருக்கு: வேண்டாம், பெயின்டும் சேர்ந்து உரிந்து வரலாம்.