அடுக்குமாடி வீட்டில் சப்வூஃபர்: கீழ் வீட்டில் நின்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன்

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்து வீடு எடுத்தவர்கள் பலர் கேட்கிறீர்கள்: அடுக்குமாடியில் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி) வைக்கலாமா, பக்கத்தில் இருப்பவர்கள் புகார் கொடுப்பார்களா? வைக்கலாம். ஆனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் அமைதி நேரம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். அப்புறம் கீழ் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. மூன்றாவது வாரம் கதவுக்கு அடியில் ஒரு காகிதம் கிடந்தது. கீழ் வீட்டு அம்மா எழுதியிருந்தார்: "உங்கள் பாட்டு எனக்குக் கேட்கவில்லை. அதன் இடி மட்டும் கேட்கிறது. நான் இரவு வேலைக்குப் போகிறவள், மாலையில்தான் தூங்குகிறேன்."

அவர் எனக்கு எழுதியது என் நல்ல நேரம். நேரே கட்டட நிர்வாகத்துக்கு எழுதியிருந்தால் என் பெயரில் ஒரு புகார் பதிவாகியிருக்கும். பல நாடுகளில் அடுத்த வீடு தேடும்போது பழைய வீட்டு உரிமையாளரிடம் நம்மைப் பற்றி விசாரிப்பார்கள். வந்த புதிதில் நமக்காகப் பேச வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தை கெட்டுப்போனால் சிரமம்.

மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் அறையில் நின்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டேன். சரி என்றார். மேலே நண்பனை உட்காரவைத்து, வழக்கமாகப் பார்க்கும் அளவிலேயே ஒரு சண்டைக் காட்சியைப் போடச் சொன்னேன். அறையின் நடுவில் நின்றபோது பெரிதாக ஒன்றும் இல்லை, இவ்வளவுதானா என்றுதான் தோன்றியது. அப்போது அவர் கட்டிலின் தலைமாட்டைக் காட்டி, "இங்கே குனிந்து கேளுங்கள்" என்றார். தலையணைக்குப் பக்கத்தில் காதை வைத்ததும் தும் தும் என்று நெஞ்சில் இறங்கியது. அலமாரிக்குள் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று தட்டிக் கிணுகிணுத்தன. நான் எத்தனை நாள் அவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறேன் என்று அந்த நிமிடம்தான் புரிந்தது.

தலைமாட்டில் மட்டும் ஏன் அப்படி? 40 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலியின் ஓர் அலை சுமார் 8.5 மீட்டர் நீளம், பெரும்பாலான அறைகளை விட நீளமானது. இவ்வளவு நீண்ட அலை அறைக்குள் சுவருக்குச் சுவர் மோதி, சில இடங்களில் அழிந்து, சுவரோரமும் மூலையும் வரும்போது பலமாகிறது. நாம் கட்டிலைப் போடுவதும் சுவரோரம்தான். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சுவரும் தளமும் உச்ச ஸ்தாயி ஒலிகளை நன்றாகத் தடுக்கும். ஒலி எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு எளிதாக ஊடுருவும். அதனால் பேச்சும் மெலடியும் நம்மோடு நின்றுவிட, பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி மட்டும் தனியாகப் பயணம் போகிறது. மரச் சட்டத்தில் கட்டிய வீடாக இருந்தால் இது இன்னும் மோசம். கான்கிரீட் தளம் கனமானது என்பதால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

சுவரில் ஒட்டும் ஃபோம் அட்டைகளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். 5 சென்டிமீட்டர் ஃபோம் நம் அறையின் எதிரொலியைக் குறைக்கும். 8 மீட்டர் அலைக்கு அது இருப்பதே தெரியாது. சப்வூஃபருக்கு அடியில் வைக்கும் ரப்பர் பேட், ஸ்பிரிங் கால்கள் வேறு ரகம். பெட்டியின் அதிர்வு தரைக்கு நேராக இறங்குவதை அவை குறைக்கும், அதிலும் மரத்தளத்தில் வித்தியாசம் தெரியும். வாங்குங்கள். ஆனால் காற்று வழியாகப் போய் சுவரையே ஆட்டும் பேஸை எந்தப் பேடும் நிறுத்தாது. பேட் வாங்கிவிட்டோம் என்று சத்தத்தைக் கூட்டினால் முன்பைவிடப் பிரச்சினை.

எனக்கு உண்மையிலேயே பலன் தந்தது இடத்தை மாற்றியதுதான். எல்லோரையும் போல நானும் டிவி பக்கத்து மூலையில் வைத்திருந்தேன். மூலை பேஸை ஊதிப் பெருக்கும், பக்கத்துச் சுவர்களுக்கும் வாரி வழங்கும். அதை எடுத்து சோஃபாவுக்குப் பின்னால், முதுகுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன். இப்போது அது என் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கீழ் வீட்டுக்கோ முன்பிருந்த அதே தூரம்தான். அதனால் எனக்குக் கேட்கும் பேஸ் குறையாமலே சப்வூஃபரின் அளவை 8 டெசிபல் இறக்க முடிந்தது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். அறைக்குள் அந்த அளவுக்குக் கிடைக்காது, ஆனாலும் தாராளமாகக் கிடைக்கும். க்ராஸ்ஓவரை, அதாவது எந்த ஒலிக்குக் கீழே சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸுக்கு மேல் வைக்காதீர்கள். மேலே போனால் சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது தெரிந்துவிடும்.

அந்த 8 டெசிபல் கீழே இருப்பவருக்கு 8 டெசிபலை விடப் பெரிய நிம்மதி. நம் காது தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தம், கேட்கவே நிறைய அழுத்தம் வேண்டும். ஆனால் கேட்கும் எல்லையைத் தாண்டிவிட்டால் சிறிது கூடினாலும் சத்தம் கிடுகிடுவென ஏறும். திரும்பி வரும்போதும் அப்படித்தான்: கொஞ்சம் குறைத்தாலே அவருக்கு அது காணாமல் போகலாம்.

ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் பெட்டியின் மெனுவையும் பொறுமையாகத் துழாவுங்கள். இரவு மோட் இருந்தால் போடுங்கள், வெடிச் சத்தத்துக்கும் பேச்சுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்கள் சிலவற்றில் ஆடிஸி எல்.எஃப்.சி. என்று ஒன்று உண்டு; பேஸ் அடுத்த அறைக்குப் போவதைக் குறைக்கவே செய்யப்பட்டது. பேஸைக் கூட்டும் பேஸ் பூஸ்ட் எங்கே இருந்தாலும் அணைத்துவிடுங்கள். துளை வைத்த சப்வூஃபர் என்றால் துளையை ஸ்பாஞ்சால் அடைத்துப் பாருங்கள், மிகத் தாழ்ந்த உறுமல் குறையும்.

போன் ஆப்பில் அளந்து பார்த்து "40 டெசிபல்தானே காட்டுகிறது" என்று யாரும் வாதாட வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஏ அளவுகோல். அது 30 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிட்டத்தட்ட 40 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். அளக்கத்தான் வேண்டும் என்றால் தாழ்ந்த ஒலிகளை அவ்வளவு கழிக்காத சி அளவுகோலுக்கு மாற்றுங்கள். என்னைக் கேட்டால் கீழ் வீட்டுக்காரரின் காதுதான் சரியான மீட்டர்.

இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு ஹெட்போன்தான். சோஃபாவுக்கு அடியில் மாட்டும் பேஸ் ஷேக்கரும் நல்ல வழி, அதிர்வை உடம்புக்கே கொடுத்துவிடும். ஆனால் சோஃபாவின் கால்களுக்கு ரப்பர் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கால் வழியாகத் தரைக்கு இறங்கும்.

இதையெல்லாம் செய்துவிட்டு மறுபடி கீழே போய் அவரிடம் சொன்னேன். இந்த முறை அவர் தலையணையில் படுத்துக்கொண்டு போனைக் காதில் வைத்திருந்தார், நான் மேலே குமிழைத் திருகிக்கொண்டே வந்தேன். "இப்போது கேட்கிறது... இப்போது இல்லை" என்றார். அந்த இடத்தில் வெள்ளை டேப் ஒட்டினேன். அவர் வேலைக்குப் போன பிறகு வைத்துக்கொள்ள இன்னொரு கோடு, அதையும் அவரே சொன்னார். இருவரும் எண்களைப் பரிமாறிக்கொண்டோம். எந்த நாட்களில் வீட்டில் இருப்பார் என்று வாரத் தொடக்கத்தில் அனுப்பிவிடுவார்.

போன மாதம் கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிப் போட்டிருப்பதாகச் சொன்னார். அன்று மாலையே மறுபடி அளந்தோம். வெள்ளை டேப் இப்போது ஒரு கோடு கீழே இருக்கிறது.