இரும்பு ஆக்சைடை ஹைட்ரஜன் ஒடுக்குவது எப்படி?

தீராச்சந்தேகம்:
செஞ்சூட்டில் இருக்கும் இரும்பின் மேல் நீராவியைச் செலுத்தினால் ஹைட்ரஜன் வெளிவரும், இரும்பு ஆக்சைடு மிஞ்சும் என்று படித்தேன். நாலு பக்கம் தள்ளிப் பார்த்தால், சூடான இரும்பு ஆக்சைடின் மேல் ஹைட்ரஜனைச் செலுத்தினால் இரும்பும் நீராவியும் கிடைக்கும் என்று போட்டிருக்கிறது. எது அதிகமாக வினைபுரியும் என்று அடுக்கிய வினைத்திறன் வரிசையில் இரும்பு ஹைட்ரஜனுக்கு மேலே. செம்பு கீழே இருப்பதால் செம்பு ஆக்சைடு ஒடுங்குவது, அதாவது ஆக்சிஜனை இழந்து உலோகமாவது, சரி. இரும்பு ஏன் ஒடுங்க வேண்டும்?

கண்ணாடிக்குழல்:
இது மீள்வினை, இரு திசையிலும் நடக்கும். லே சாட்லியர் விதியைப் படியுங்கள்.

தீராச்சந்தேகம்:
பெயர் தெரியும். காரணம்தான் கேட்கிறேன்.

உலைக்காரன்:
டங்ஸ்டன் தூள் செய்யும் ஹைட்ரஜன் உலையில் வேலை பார்த்தவன் நான். அங்கே வினைத்திறன் வரிசையை யாரும் பேசமாட்டார்கள். வாயுவில் எவ்வளவு ஈரம் என்றுதான் கேட்பார்கள். உங்கள் கேள்விக்கும் விடை அதுதான்.

ஒவ்வொரு ஆக்சைடுக்கும், ஒவ்வொரு வெப்பநிலையிலும், ஹைட்ரஜன் தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் அளவு உண்டு. இரும்புக்கு 800 டிகிரி செல்சியஸில் வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை நீராவி இருக்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால் ஆக்சைடு இரும்பாகும். கூடினால் இரும்பு திரும்ப ஆக்சைடாகும். உங்கள் முதல் சோதனையில் நீராவி வந்துகொண்டே இருக்கிறது, உண்டாகும் ஹைட்ரஜன் வெளியே போய்விடுகிறது. இரண்டாவதில் நேர்மாறு. மூடிய குடுவையில் வைத்தால் இரண்டுமே பாதியில் நின்றுவிடும். அதனால்தான் உலையில் தேவைக்கு மேல் ஹைட்ரஜனை ஓடவிட்டு, வெளிவரும் வாயுவை உலர்த்தித் திரும்ப உள்ளே அனுப்புவோம்.

செம்பு ஆக்சைடுக்கு இந்தக் கவலையே இல்லை. வாயு பெரும்பாலும் நீராவியாக இருந்தாலும் ஒடுங்கும், வெப்பமும் வெளிவரும். சில நேரம் தூள் தானாகவே கனலும். இரும்பு ஆக்சைடோ வெப்பத்தை உறிஞ்சும், சூடு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அலுமினியம் ஆக்சைடு எதிர்ப்பக்கத்தின் கடைசி. 1000 டிகிரியில்கூட அது தாங்கும் நீராவி நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு உலர்ந்த வாயுவை உலைக்குள் தக்கவைக்க முடியாது. குரோமியம் நடுவில்; நன்றாக உலர்ந்த ஹைட்ரஜனில் 1000 டிகிரிக்கு மேல் துருப்பிடிக்காத எஃகைப் பளபளவென்று எடுக்கலாம். அந்த வாயு கொஞ்சம் ஈரமானால்கூட மேலே பச்சைப் படலம் பிடிக்கும்.

டங்ஸ்டனில் ஈரம் துகளின் பருமனையும் மாற்றும். மஞ்சள் ஆக்சைடு நீலமாகி, பழுப்பாகி, கடைசியில் சாம்பல் நிறத் தூளாகும். உலைக்குள் தள்ளும் படகு போன்ற தட்டில் ஆக்சைடைத் தடிமனாகக் கொட்டினால் நீராவி உள்ளேயே தங்கி, துகள் பெரிதாக வளரும். நேர்த்தியான தூள் வேண்டுமென்றால் மெல்லிய படுகை, உலர்ந்த வாயு. கரியை விட்டுவிட்டு ஹைட்ரஜனைத் தேடிப் போவதற்கும் காரணம் உண்டு: கரி என்றால் டங்ஸ்டனோடு கரி சேர்ந்த கார்பைடு கலந்துவிடும்.

தீராச்சந்தேகம்:
அப்படியானால் அந்த வரிசை பொய்யா?

உலைக்காரன்:
அறை வெப்பநிலையில், நீரில் கரைந்த அயனிகளுக்கு அது சரி. உலைக்கு அது பொருந்தாது.

கண்ணாடிக்குழல்:
செம்பு ஆக்சைடில் செய்து பார்க்கலாமா?

உலைக்காரன்:
தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பிடிக்கும். முதலில் வாயுவை ஓடவிட்டுக் குழலில் உள்ள காற்றை முழுதும் விரட்டிய பிறகே சூடேற்ற வேண்டும். குழலின் வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லையென்றால் உள்ளே உண்டாகும் நீர் சூடான பகுதிக்கு ஓடிக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். முடித்ததும் அடுப்பை மட்டும் அணையுங்கள்; குழல் ஆறும்வரை ஹைட்ரஜனை நிறுத்தாதீர்கள், செம்பு மறுபடி கறுத்துவிடும். குறைந்த சூட்டில் ஒடுக்கிய இரும்புத் தூளாக இருந்தால் காற்றுப் பட்டதும் தானே எரிய ஆரம்பிக்கும்.