வரையாட்டு ஓவியமும் கார்பன் தாளும்

கரிக்கோல்: வரையாட்டை நீர்வண்ணத்தில் தீட்ட விரும்பும் புதியவர்களிடம், "அலுவலகக் கார்பன் தாளை வைத்து உருவரையைப் படியெடுங்கள், எல்லாம் ஒன்றுதான்" என்று வண்ணக்குடுவை நேற்று சொல்லியிருப்பதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்தத் தாளின் மெழுகு கலந்த மை காகிதத்தில் பதிந்துவிட்டால் அழிப்பானுக்கும் அசையாது, அதன்மேல் வண்ணமும் பிடிக்காது. உருவரைத் தாளின் பின்புறம் மென்மையான 4பி பென்சிலைப் பூசி, பஞ்சால் தேய்த்துவிட்டு, அதை ஓவியக் காகிதத்தின்மேல் வைத்து, முன்புறக் கோடுகளின்மேல் கடினமான 2எச் பென்சிலை மெல்ல ஓட்டினால் வேலை முடிந்தது.

வண்ணக்குடுவை: கார்பன் தாளில் படியெடுத்த என் ஓவியங்கள் கண்காட்சிச் சுவர்களில் தொங்குகின்றன, ஐயாவின் ஓவியங்கள் எங்கே தொங்குகின்றன என்று தெரிந்துகொள்ளலாமா?

மலைக்காடு: மெழுகில்லாமல் கிராஃபைட் மட்டும் பூசிய படியெடுப்புத் தாளும் கடைகளில் கிடைக்கிறது. எந்தத் தாளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை இருவரும் முதலில் சொல்லிவிடலாமே?

கரிக்கோல்: சொல்ல என்ன இருக்கிறது? கார்பன் தாள் கார்பன் தாள்தான். முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளுத்திருக்கும் மயிரை, நீர்வண்ணத்தில் காகிதத்தின் வெண்மையை விட்டுவைத்தே காட்டுகிறோம் என்பதால், அந்த இடத்தில் அழியாத நீலக்கோடு ஒன்று குறுக்கே ஓடினால் அதை எதைக் கொண்டு மறைப்பதாக உத்தேசம்?

வண்ணக்குடுவை: கிடாவின் முதுகைப் பற்றிப் பாடம் நடத்துபவர், சென்ற மாதம் இங்கே இட்ட படத்தில் கொம்புகளை வெள்ளாட்டுக் கொம்புகள்போல் பக்கவாட்டில் விரித்திருந்தார். வரையாட்டின் கொம்புகள் அடியில் நெருங்கி நின்று பின்னோக்கி வளைபவை என்பது வரையாடுகள் வாழும் கேரளத்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு ஒருமுறை போய்வந்தவருக்கும் தெரியும்.

கரிக்கோல்: அது நேர்முன்னிருந்து பார்த்த கோணம்; கோணம் தெரியாதவருக்குக் கொம்பும் தெரியாது. கட்டம் போட்டு வரைந்து, கோடுகளை அழித்து அழித்துக் காகிதத்தின் பசைப்பூச்சையே சிராய்த்து, வானத்தைத் திட்டுத்திட்டாக்கியவர் யார் என்பதை நானும் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

பழங்கிண்ணம்: கோடுகளின்மேல் துளையிட்ட தாளில், துணியில் கட்டிய கரித்தூள் முடிச்சைத் தட்டிப் படியெடுக்கும் முறையில் மெழுகும் இல்லை, சண்டையும் இல்லை. ரஃபேல் காலத்து இத்தாலியச் சுவரோவியர்கள் அதைத்தான் கையாண்டார்கள்.

கரிக்கோல்: இங்கே யாரும் சுவரோவியம் தீட்டவில்லை. வண்ணக்குடுவை இன்னும் என் கேள்விக்கு விடை சொல்லவில்லை: அந்த நீலக்கோட்டை எப்படி மறைப்பீர்கள்?

வண்ணக்குடுவை: கை கனமாக இருப்பவருக்குத்தான் கோடு அழுந்தும். அடுத்த படத்தையும் நான் கார்பன் தாளில்தான் படியெடுக்கப்போகிறேன்.

கரிக்கோல்: தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் புதியவர்களுக்கு அதைப் பரிந்துரைக்காதீர்கள்.