'இமேஜ் ரெஜிஸ்ட்ரேஷன்': பதிவா, பொருத்தமா, இயைப்பா?

முதல் மடல்

வணக்கம். டர்பன் நகரின் சாய்வான வான்படங்களை நிலப்படத்தோடு தானாகச் சேர்க்கும் முறைக்குத் தமிழ்க் கையேடு தயாராகிறது. 'ஓப்ளீக் இமேஜ் ரெஜிஸ்ட்ரேஷன்' என்ற இடத்தில் வண்டி நிற்கிறது. அகராதிப்படி போனால் 'சாய்வுப் படிமப் பதிவு'. பத்திரப் பதிவு அலுவலக வாசனை அடிக்கிறது. 'படப் பொருத்தம்' எனலாமா?

மறுமொழி 1

பதிவு வேண்டாம், சரி. பொருத்தம் என்றதும் ஜாதகம் நினைவுக்கு வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் ஐயா. ஆனால் 'பொருத்து' என்றால் படிப்பவர் படத்தை நாலு மூலையிலும் பிடித்திழுத்து நிலப்படத்தின்மேல் படியவைக்கப் பார்ப்பார். நேர்கீழாக எடுத்த படத்துக்கு அது ஓரளவு செல்லும். 45 பாகைச் சாய்வில், 30 மீட்டர் உயரக் கட்டடத்தின் கூரை தரையில் 30 மீட்டர் அப்பால் போய் விழும். பக்கத்துத் தெருவோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே இழுப்பில் இரண்டும் சரியாகாது.

இங்கே நகர்த்துவது படத்தை அல்ல, கேமராவை. இடத்துக்கு மூன்று, கோணத்துக்கு மூன்று, ஆக ஆறு எண்கள். விமானத்தின் ஜிபிஎஸ் இடத்தை நன்றாகவே சொல்லும். காலை வாருவது கோணம்: திசை 1 பாகை பிசகினால் 1,000 மீட்டர் தொலைவிலுள்ள கட்டடம் ஏறத்தாழ 17 மீட்டர் விலகும். அதனால் முதலில், சுவர்களின் நிமிர்ந்த விளிம்புகள் படத்தில் குவியும் மறைபுள்ளியைக் காண வேண்டும். சாய்வுக் கோணங்கள் இரண்டும் அதிலேயே கிடைக்கும். பிறகு நிலப்படக் கட்டடங்களைக் கூரை உயரத்துக்குத் தூக்கிக் கம்பிக்கூடாக்கி, படத்தின் விளிம்புகளோடு ஒப்பிட்டு மிச்ச எண்களைத் தேட வேண்டும். தப்பாகச் சேர்ந்த விளிம்பு இணைகளை ரேன்சாக் என்னும் கணிப்புமுறை கழித்துவிடும்.

படமும் நிலப்படமும் ஒன்றுக்கொன்று இசையும் நிலையைத் தேடுவதால் 'இயைப்பு' என்பேன். முழுச்சொல்: சாய்வு வான்பட இயைப்பு.

மறுமொழி 2

இயைப்புக்கு என் வாக்கு. யாப்பில் வரும் இயைபோடு குழப்பம் வராது, இடையில் ஒரு 'ப்' காவல் நிற்கிறது.

கையேட்டில் இரண்டு எச்சரிக்கை சேருங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீட்டு வரிசைகள் உண்டு. நிரல் ஒரு வீடு தள்ளி இயைத்துவிட்டு, பிழை குறைவு என்றும் சொல்லும். தெருமுனையோ கோயில் கோபுரமோ சட்டகத்துக்குள் இருக்கட்டும். அடுத்தது லோ31 ஆயம், அதாவது 31 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை நடுவாக வைத்து இடங்களுக்கு எண் தரும் தென்னாப்பிரிக்க நிலஅளவை முறை. அதில் ஒய் மேற்கே கூடும், எக்ஸ் தெற்கே கூடும். வழக்கமான கிழக்கு, வடக்கு என்று எடுத்தால் நகரமே 180 பாகை திரும்பிவிடும். 31 பாகைக் கோடு டர்பன் ஊடாகவே ஓடுவதால் ஒய்யின் குறி ஊருக்குள்ளேயே மாறும். மைனஸ் எண்ணைப் பிழையென்று வடிகட்டும் நிரல், கடலோரப் பகுதியைத் தூக்கி எறிந்துவிடும்.

முதல் மடலாரின் பதில்

இயைப்பு என்றே வைக்கிறோம், அம்மா. நிலப்படத்தில் கட்டடத்தின் தரை வடிவத்தைக் குறிக்கும் 'பில்டிங் ஃபுட்பிரிண்ட்' என்பதற்கு 'அடிமனை' என்று எழுதியிருக்கிறது, அது போதுமா?

மறுமொழி 2

போதாது ஐயா. மனை என்றால் காணியின் எல்லை. கட்டடம் அதற்குள் அடக்கம். மனையெல்லையை ஏற்றிவிட்டுச் சுவரைத் தேடினால் ஒரு விளிம்பும் சேராது. 'கட்டடச் சுற்றுக்கோடு' என்று மாற்றுங்கள். அது சுவரை ஒட்டி வரைந்ததா, கூரை விளிம்பை ஒட்டி வரைந்ததா என்பதையும் அங்கேயே குறியுங்கள்.