டிவி காமெடி கலைஞர்களோடு நேரில் பேசிய அனுபவம்: மூன்று பேர் எழுதுகிறார்கள்

மதுரைப் பக்கம், மைக் செட் தொழில்:

பங்குனியில் தொடங்கி ஆடி முடியும்வரை மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் திருவிழா மேடைகள்தான் எங்களுக்குச் சோறு. விஜய் டிவியில் 'கலக்கப் போவது யாரு' காமெடிப் போட்டி வந்த பிறகு, அதில் முகம் காட்டியவர்களையே ஊர்க்காரர்கள் கேட்டார்கள். போஸ்டரில் 'விஜய் டிவி புகழ்' என்று இருந்தால்தான் கூட்டம் சேரும்.

அப்படி வந்த ஒருவரை மறக்க முடியாது. பெயர் வேண்டாம். வேனிலிருந்து இறங்கியதும் செல்ஃபிக்கு ஆள் மொய்த்தது. எல்லோருக்கும் நின்று கொடுத்துவிட்டு நேராக என் மிக்ஸர் பக்கம் வந்தார். "தம்பி, பாட்டுக்கு எக்கோ வச்சுக்கங்க. நான் ஏறும்போது சுத்தமா எடுத்துருங்க" என்றார். எக்கோ இருந்தால் எம்.ஆர்.ராதாவும் நம்பியாரும் ஒரே ஆளாகத்தான் கேட்பார்கள் என்று அங்கேயே பேசிக் காட்டினார். நம்பியாருக்கு மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தார். ராதாவுக்கு நாலு விரல் தள்ளி, கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். அப்பாகூட எனக்குச் சொல்லித் தராத பாடம் அது.

நிகழ்ச்சி முடிய நடுராத்திரி தாண்டிவிட்டது. பரோட்டாக் கடையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார். "டிவி என் முகத்தை ஊருக்குக் காட்டுது. வீட்டுல அடுப்பு எரியுறது இந்த மேடையாலதான்." அஞ்சு நிமிட ஐட்டத்துக்கு வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்களாம். எடுபடவில்லை என்றால் எடிட்டிங்கில் போய்விடும். அதில்கூட அவருக்கு வருத்தமில்லை. சென்னையில் வீடு தேடியபோதுதான் நொந்துவிட்டாராம். "டிவியில வர்றீங்களே, வாடகை கூடக் கொடுத்தா என்னன்னு கேட்டாங்க. பேங்க்ல லோன் கேட்டா, சம்பளச் சீட்டு எங்கேங்கறாங்க." புகழ் வந்ததும் செலவு மட்டும் கூடிப்போன கதையை அவர் கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் ஆறவில்லை.

சென்னை, வளசரவாக்கம்:

மேலே அண்ணன் சொன்ன மேடை வருமானம் 2020இல் மொத்தமாக நின்றது. மார்ச் கடைசியில் ஊரடங்கு. அந்த வருஷம் மதுரையில் அழகரே ஆற்றில் இறங்கவில்லை, அப்புறம் கிராமத்துக் கச்சேரி எங்கே? எங்கள் மாடியில் குடியிருந்தவர் ஒரு மிமிக்ரி கலைஞர். சாயங்காலமானால் மொட்டை மாடியில் சாதகம். ஒவ்வொரு குரலாக எடுத்துப் பேசிப் பார்ப்பார். தொண்டை மறந்துவிடக்கூடாதாம்.

செப்டம்பர் 10 அன்று விஜய் டிவி காமெடி கலைஞர் வடிவேல் பாலாஜி இறந்துபோய்விட்டார். 45 வயது. அன்று மாடியில் சத்தமே இல்லை. அடுத்த நாள் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது மாடிக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வடிவேலு மாதிரி பண்ணுவாருன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. 'அது இது எது' ஷோவுல, எதிர்ல இருக்கிறவங்க சிரிச்சா அவுட்டுன்னு வர்ற 'சிரிச்சா போச்சு' ரவுண்டை எடுத்துப் பாருங்க. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் கண்ணைப் பார்த்து அந்த நொடியில பேச்சை மாத்துவாரு. அது அவரோட சொந்த மூளை. எங்க தொழில்ல அதுக்குப் பேரு கிடைக்காது."

அதன்பிறகு நான் மிமிக்ரியைப் பார்க்கிற விதமே வேறு. குரல் பொருந்துகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இந்த ஆள் எங்கே தன் சொந்தச் சரக்கை நுழைக்கிறார் என்று தேடுகிறேன். நிறையவே கிடைக்கிறது.

புதுக்கோட்டை:

நான் பேசியது ஒரு பெண் கலைஞரிடம். இரவுப் பேருந்தில் பக்கத்து சீட். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிக்கொண்டிருந்த காமெடி மேடைகளில் அறந்தாங்கி நிஷா மாதிரி பெண்கள் தங்கள் பேச்சாலேயே நின்றது இவருக்குப் பெரிய தைரியமாம். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஷூட்டிங் போய்வருகிறார். "என் நிறத்தை வச்சு வேற யாராவது ஜோக் எழுதிக் கொடுத்தா, செய்ய மாட்டேன்னு சொல்லிருவேன்க்கா. நானே எழுதினா எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்" என்றார். மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு. திருச்சி வரும்வரை செல்போன் வெளிச்சத்தில் அடித்து அடித்து எழுதிக்கொண்டே வந்தார். இப்போது பட்டிமன்றங்களிலும் பேசுகிறார். உங்கள் ஊர்ப் பக்கம் பெண்கள் பேசும் நகைச்சுவைப் பட்டிமன்றம் நடந்தால், தயவுசெய்து கடைசிவரை இருந்து கேளுங்கள்.