சின்ன பட்ஜெட் படத்தில் மல்யுத்த வீரர்: செட்டில் கண்டதைச் சொல்லுங்கள்

ஷேமஸ் என்று உலகம் அறிந்த டப்ளின்காரர் ஸ்டீபன் ஃபாரெலி, 2009 டிசம்பரில் ஜான் சீனாவை வீழ்த்தி, அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ-யின் பட்டம் வாங்கியவர். அதற்கு முன்பே 2008-இல் வந்த ‘தி எஸ்கேபிஸ்ட்’ சிறைப் படத்தில் முகம் காட்டிவிட்டார். மல்யுத்த வீராங்கனை பெக்கி லிஞ்ச் டப்ளினில் நடிப்புப் படிப்பிலேயே கல்லூரிப் பட்டம் வாங்கியவர். இப்படி ரிங்கிலிருந்து நடிக்க வருபவர்களைப் படம் எடுக்கும்போது முதலில் இடிப்பது கேமரா கோணம். தொலைக்காட்சியில் ஒரு பக்கம் அசையாமல் நிற்கும் கேமரா உண்டு. சொல்லாமலே முகம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். பிடி போடுவதும் பெரும்பாலும் எதிராளியின் இடது பக்கம்தான் (மெக்சிகோவில் வலது). கேமராவைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தால் குத்துக்கும் தாடைக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிந்துவிடும். குத்துபவர் அல்லது வாங்குபவரின் தோளுக்குப் பின்னால் நின்று எடுங்கள். குத்தும்போது சத்தத்துக்காகக் காலைத் தரையில் தட்டுவார்கள். வைட் ஷாட்டில் அது அப்பட்டமாகத் தெரியும். முதல் ஒத்திகையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

—

கோணம் சரி, விழுவதுதான் பெரிய சங்கதி. ரிங் என்பது இரும்புச் சட்டம், மேலே பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், கித்தான். விழுந்தால் பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். லொகேஷனில் இருக்கும் சிமெண்ட் தரை கொடுக்காது. ‘எனக்குப் பழக்கம்தான்’ என்று வீரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முறை இது: தாடையை மார்போடு ஒட்டு, மூச்சை வெளியே விடு, மேல்முதுகு முழுக்க ஒரே நேரத்தில் தரையைத் தொடட்டும், உள்ளங்கை கீழ்நோக்கி இரு கைகளாலும் தட்டு. தாடை விலகினால் பின்மண்டை மோதும். முழங்கை முந்தினால் எலும்புக்கு ஆபத்து. பெக்கி லிஞ்ச் 2006-இல் ஜெர்மனியில் தலையில் அடிபட்டுப் பல ஆண்டுகள் ரிங்கை விட்டு விலகியிருந்தார், அதையும் நினைவில் வையுங்கள். ஃபிரேமை இடுப்போடு வெட்டி, கீழே தடித்த கிராஷ் மேட் (விழுபவரைத் தாங்கும் மெத்தை) போடுங்கள். தரையில் விழும் குளோசப்பைத் தனியாக, படுத்த நிலையிலிருந்தே எடுத்தால் போதும். ஒரு விழுகைக்கு மூன்று டேக்குக்கு மேல் கேட்கும் இயக்குநரிடம் ஸ்டோரிபோர்டு (ஷாட்களை முன்பே வரைந்து வைப்பது) இல்லை என்று அர்த்தம்.

—

ஒலிப்பதிவாளர்கள் கவனிக்க: காலர் மைக்கின் டிரான்ஸ்மிட்டர் (ஒலியை அனுப்பும் சிறு பெட்டி) வீரரின் முதுகில் இருக்கக்கூடாது. அதன்மேல்தான் அவர் விழப்போகிறார். சண்டைக்கு மட்டும் கழற்றிவிட்டு, வசனத்தையும் மூச்சிரைப்பையும் பிறகு தனியாகப் பதிவு செய்யுங்கள். ரிங்குக்கு அடியில் வெற்றிடம் என்பதால் ஒரு விழுகை மத்தளம் மாதிரி அதிரும். கோலில் தொங்கும் பூம் மைக்கின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) விழும் சத்தத்துக்கு வைத்துப் பாருங்கள், பேச்சுக்கு அல்ல. அடுத்த அடி என்ன என்று இருவரும் கிசுகிசுப்பதும் மைக்கில் விழும். எடிட்டிங்கில் அதை மறைக்கக் கூட்டத்தின் இரைச்சல் தேவை.

—

ஷேமஸ் மாதிரி வெளிறிய தோலா? எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் ஒளி அளவை) மார்புக்குப் பாருங்கள், பின்னணிக்குப் பார்த்தால் தோல் வெளுத்துப் பறந்துவிடும். விரித்த கையால் நெஞ்சில் அறையும் ‘சாப்’ அடி நிஜமானது. சிவந்தால் சீக்கிரம் மறையாது, மேக்கப்பும் வியர்வையில் நிற்காது. அதனால் அந்த அடியை அன்றைய கடைசி ஷாட்டாக வையுங்கள். உடம்பில் எண்ணெய் பூசிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் மைக் ஒட்டிய பிறகு பூசச் சொல்லுங்கள், முன்பே பூசினால் டேப் ஒட்டாது.