ஹோர்ட்டன் சமவெளியில் கூடாரம் போட்டுத் தங்கியவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. பெப்ரவரியில் நானும் தம்பியும் என் பத்து வயது மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்தில் இருக்கிற ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். ஒரு இரவு பூங்காவுக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்க ஆசை. போன தடவை நுவரெலியாவிலிருந்து புறப்பட்டு, அங்குள்ள ‘உலக முடிவு’ (World's End) என்ற செங்குத்தான மலை விளிம்புக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, ஒன்றுமே தெரியவில்லை. மகள் அழுதே விட்டாள். இந்த முறை விடியற்காலையிலேயே அவளை அங்கே நிறுத்த வேண்டும்.

எனக்குள்ள பெரிய பயம் குளிர்தான். 2,100 மீட்டர் உயரம், ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படியும் இடம். எங்களிடம் இருப்பதோ கடற்கரைக்கு வாங்கிய மெல்லிய கூடாரம். அது தாங்குமா? தரையிலிருந்து ஏறும் குளிருக்கு அடியில் என்ன விரித்தீர்கள்? பிள்ளைக்கு எத்தனை அடுக்கு உடுப்பு போட்டீர்கள்?

அப்புறம் சாப்பாடு. மரைகள் (பெரிய மான்கள்) கூடாரம்வரை வந்து உணவு தேடும் என்கிறார்கள். அவற்றுக்கு எதையும் கொடுத்துப் பழக்க எனக்கு மனமில்லை. இரவில் சாப்பாட்டை வாகனத்துக்குள் பூட்டி வைத்தால் போதுமா? வாசலில் பொலித்தீனைச் சோதித்து எடுத்துவிடுவார்கள், அதனால் எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோகிறோம். காஸ் அடுப்பு பற்றவைக்க விடுவார்களா?

தண்ணீர், கழிப்பறை வசதி இப்போது எப்படி? வனசீவராசிகள் திணைக்களத்தில் எத்தனை வாரம் முன்பு பதிவு செய்தீர்கள்? அண்மையில் பிள்ளைகளோடு தங்கியவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.